பேனர்லார்ட் கேம்: ஆரம்பத்திலேயே படை காலியாகுதா? கேரக்டர் முதல் படை வரை புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

கையில் ஒரு வாள், பையில் கொஞ்சம் காசு, பின்னால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 'மவுண்ட் அண்ட் பிளேட் 2: பேனர்லார்ட்' கேமை எல்லோரும் தொடங்குவது ஏறக்குறைய இப்படித்தான். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒருவர் நல்ல படையோடு கோட்டை வாசலில் நிற்பார். இன்னொருவர் எதிரியிடம் சிக்கி, படையைப் பறிகொடுத்து, மறுபடியும் ஏதோ ஒரு கிராமத்தில் ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டு பேருக்கும் வாள் சுழற்றுவதில் பெரிய வித்தியாசம் இருக்காது. சோறு, சம்பளம், வேகம் இந்த மூன்றில்தான் வித்தியாசம். சண்டை கேம் என்று நினைத்து உள்ளே வருபவர்கள் தோற்பதும், நிர்வாக கேம் என்று புரிந்துகொண்டவர்கள் ஜெயிப்பதும் இதனால்தான். புதிதாக விளையாடுபவர் கேரக்டரை எப்படி வளர்க்கலாம், படையை எப்படிக் கட்டலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன கேம்?

துருக்கி தலைநகர் அங்காராவில் இயங்கும் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு இது. இந்த வரிசையில் முதல் கேம் 2008-ல் வந்தது. 2010-ல் வந்த 'வார்பேண்ட்' ரசிகர் பட்டாளத்தைச் சேர்த்துக் கொடுத்தது. பேனர்லார்ட், 2020 மார்ச் 30-ல் முன்னோட்டப் பதிப்பாக வெளியாகி, 2022 அக்டோபர் 25-ல் முழு வடிவத்தில் வந்தது.

கதை நடக்கும் இடம் கால்ரேடியா என்ற கற்பனைக் கண்டம். வார்பேண்ட் கதைக்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முந்தைய காலம். பெரிய பேரரசு ஒன்று மூன்று துண்டாக உடைந்து கிடக்கிறது. அதைச் சுற்றி ஐந்து அரசுகள். அடிப்படை கேமில் மொத்தம் எட்டு தரப்புகள். எல்லோரும் மாறி மாறி மோதிக்கொள்வார்கள்.

கேமுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, மேப். அதில் படையோடு ஊர் ஊராகப் போக வேண்டும். நகர்ந்தால் காலம் ஓடும், நின்றால் நிற்கும். இன்னொன்று, போர்க்களம். அங்கே நேரடியாக வாளேந்திச் சண்டை போடலாம், படைக்கு உத்தரவும் போடலாம். புதியவர்கள் போர்க்களத்தையே பார்க்கிறார்கள். ஆனால், பாதிப் போர் மேப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

கேரக்டர்: வாள்வீரனா, தலைவனா?

கேம் தொடங்கும்போது குடும்பம், சிறுவயது, இளமை பற்றிச் சில கேள்விகள் வரும். கதை கேட்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு பதிலும் சில திறன்களுக்குப் புள்ளியாக மாறுகிறது. அவசரத்தில் தட்டிவிட்டுப் போகக் கூடாத இடம் இது.

கேரக்டருக்கு ஆறு அடிப்படைக் குணங்கள் உண்டு. ஒவ்வொன்றின் கீழும் மூன்று திறன்கள்:

• விகர்: ஒரு கை ஆயுதம், இரு கை ஆயுதம், ஈட்டி வகை
• கன்ட்ரோல்: வில், குறுக்குவில், எறி ஆயுதம்
• என்டூரன்ஸ்: குதிரையேற்றம், ஓட்டம், ஆயுதம் செய்யும் கொல்லு வேலை
• கன்னிங்: வழி பார்த்தல், போர் வியூகம், திருட்டுத்தனம்
• சோஷியல்: பழகும் திறன், தலைமை, வியாபாரம்
• இன்டெலிஜென்ஸ்: படை நிர்வாகம், மருத்துவம், முற்றுகைப் பொறியியல்

பலர் செய்வது, எல்லாப் புள்ளியையும் விகரில் கொட்டுவது. முதல் சண்டைகளில் அது நன்றாகவே இருக்கும். 60, 70 பேர் மோதும் போரில்தான் சிக்கல் தெரியவரும். எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும், கூட்டத்துக்கு நடுவே சுற்றி வளைக்கப்பட்டால் சில நொடிகளில் விழுந்துவிடுவான். ஐந்து பேரை வெட்டும் தலைவனைவிட, ஐம்பது பேருக்குச் சோறு போட்டு வைத்திருக்கும் தலைவன்தான் இந்த கேமில் நிலைக்கிறான்.

புதியவர்களுக்கு வசதியான கலவை இதுதான்: ஒரே ஒரு ஆயுதம், குதிரையேற்றம், கூடவே படை நிர்வாகம். குதிரை மேல் இருந்து ஈட்டி பிடித்தால், சிக்கல் வரும்போது விலகிப் போக வழி இருக்கும். படை நிர்வாகம், அதாவது திரையில் 'ஸ்டூவர்ட்' என்று வருகிற திறன், படையில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பையே உயர்த்தும்.

திறன் எப்படி வளரும்?

இங்கே புள்ளி போட்டால் மட்டும் திறன் வந்துவிடாது. செய்தால்தான் வளரும். குதிரை ஓட்டினால் குதிரையேற்றம் வளரும். காயப்பட்டவர்கள் குணமாகக் குணமாக மருத்துவம் வளரும். படைக்குப் பலவகை உணவு போட்டால் ஸ்டூவர்ட் வளரும். லாபத்துக்கு விற்றால் வியாபாரம் வளரும்.

அப்படியானால் புள்ளி எதற்கு? அது, கற்கும் வேகத்தையும், எதுவரை கற்கலாம் என்ற உச்சவரம்பையும் தீர்மானிக்கிறது. 'ஃபோகஸ்' புள்ளி ஒவ்வொரு லெவலுக்கும் கிடைக்கும். ஒரு திறனுக்கு அதிகபட்சம் ஐந்து போடலாம். அடிப்படைக் குணத்துக்கான புள்ளி சில லெவல்களுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், அதைச் செலவழிப்பதில் அவசரம் வேண்டாம். 18 திறனிலும் ஒவ்வொன்றாகத் தூவினால், எதுவுமே உயரத்துக்குப் போகாது. நான்கைந்து திறன்களைத் தேர்ந்தெடுத்து அதிலேயே போடுவது நல்லது.

மற்ற திறன்களுக்கு யார்? அதற்குத்தான் தோழர்கள். நகரங்களில் உள்ள மதுக்கடைகளில் கூலிக்குச் சேரும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை வைத்தியராகவும், ஒருவரை வழிகாட்டியாகவும், ஒருவரை முற்றுகைப் பொறியாளராகவும், ஒருவரை உணவுப் பொறுப்பாளராகவும் நியமிக்கலாம். முதல் ஆளாக வைத்தியரைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். மருத்துவத் திறன் கூடினால், அடிபட்டு விழுந்தவர் சாகாமல் காயத்தோடு பிழைக்கும் வாய்ப்பும் கூடும். பல நாள் வளர்த்த ஒரு வீரன் ஒரே அம்பில் போய்விடாமல் திரும்பி வருகிறான் என்றால், அது வைத்தியர் சம்பாதித்துக் கொடுத்தது.

முதல் காசு எங்கிருந்து வரும்?

தொடக்கத்தில் பணம் வர ஐந்து வழிகள் உண்டு.

1. கொள்ளையர் வேட்டை: மேப்பில் 'லூட்டர்ஸ்' என்ற பெயரில் சுற்றும் கூட்டம்தான் இருப்பதிலேயே பலவீனமானது. கல்லும் கவைக்கோலும்தான் அவர்கள் ஆயுதம். புதிய வீரர்களுக்குப் பயிற்சிக் களமே இவர்கள்தான். கடற்கொள்ளையர் கூட்டம் அப்படியில்லை; பெயரில் கொள்ளையர் என்று இருப்பதால் ஏமாந்து மோதினால் படை கரைந்துவிடும்.

2. கைதி விற்பனை: பிடிபட்டவர்களை நகரத்து மதுக்கடையில் இருக்கும் பிணைத்தொகைத் தரகரிடம் விற்கலாம்.

3. அரங்கப் போட்டி: நகரங்களில் அவ்வப்போது நடக்கும். ஜெயித்தால் புகழும் பரிசுப் பொருளும் கிடைக்கும். தன் மேலேயே பந்தயமும் கட்டலாம். போட்டியில் தோற்றாலும் உயிர் போகாது என்பதால், சண்டை பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

4. வியாபாரம்: பொருள் விளையும் கிராமத்தில் விலை குறைவு, அது கிடைக்காத நகரத்தில் விலை அதிகம். தானியம், மரம், உப்பு என வாங்கி விற்கலாம். ஒரே ஊரில் கொட்டினால் விலை இறங்கிவிடும். பிரித்து விற்க வேண்டும்.

5. கொல்லுப் பட்டறை: கைப்பற்றிய ஆயுதங்களை உருக்கி, புதிய ஆயுதம் செய்து விற்கலாம். நேரம் பிடிக்கும். ஆனால், கை பழகிவிட்டால் நல்ல வருமானம்.

காசு சேர்ந்த பிறகு நகரத்தில் தொழிற்கூடம் வாங்கலாம், வணிகக் கூட்டத்தை அனுப்பலாம். வணிகக் கூட்டத்தைக் கொள்ளையரும் எதிரியும் வழிமறிக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. கையில் இருக்கும் மொத்தக் காசையும் இதில் போட்டுவிட்டால், அடுத்த நாள் சம்பளம் எங்கிருந்து வரும்?

ஆள் சேர்ப்பது எப்படி?

ஒவ்வொரு கிராமத்திலும் நகரத்திலும் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இருப்பார்கள். வீரர்களைத் தருவது அவர்கள்தான். உறவு நன்றாக இருந்தால் கூடுதல் ஆட்களும் தேர்ந்த ஆட்களும் கிடைப்பார்கள். உறவு இல்லையென்றால் ஒன்றிரண்டு பேரோடு சரி.

உறவு எப்படி வரும்? அவர்களுக்கு ஏதாவது பிரச்சினை இருந்தால் தலைக்கு மேல் குறி தெரியும். மாடு வாங்கித் தருவது, கொள்ளையரின் மறைவிடத்தை அழிப்பது போன்ற வேலைகளை முடித்துக் கொடுத்தால் உறவு கூடும். இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிவிடுகிறார்கள் பலர். ஆனால், ஒரு பெரிய தோல்விக்குப் பிறகு படையைத் திரும்பக் கட்ட, பழகிய நாலு கிராமம் இருப்பதுதான் கை கொடுக்கும். அகலக் கால் வைத்து மேப் முழுக்கச் சுற்றுவதைவிட, ஒரே பகுதியில் ஐந்தாறு ஊரோடு பழகுவது மேல்.

இன்னொரு வழியும் உண்டு. பிடிபட்ட கைதிகளில் சிலர், கொஞ்ச நாள் கழித்து நம் பக்கமே சேரத் தயாராவார்கள். எல்லோரையும் உடனே விற்றுவிடாமல், நல்ல வீரர்களை மட்டும் வைத்திருந்து பார்க்கலாம்.

சோறு, சம்பளம், மனநிலை: தோல்வி இங்கேதான்!

கேமில் படை தினமும் சாப்பிடும், தினமும் சம்பளம் கேட்கும். சுமார் 20 பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு மூட்டை உணவு என்ற கணக்கு. அதாவது 40 பேர் கொண்ட படை 10 நாள் சுற்ற வேண்டுமென்றால், 20 மூட்டை கையில் இருக்க வேண்டும். தானியம் மட்டும் வாங்கினால் வயிறு நிறையும், மனசு நிறையாது. மீன், இறைச்சி, வெண்ணெய், திராட்சை, பேரீச்சை என வகை கூடினால் படையின் உற்சாகம் உயரும், ஸ்டூவர்ட் திறனும் வளரும். ஒரே செலவில் இரண்டு லாபம்.

சம்பளத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. உச்சநிலை வீரனின் தினச் சம்பளம், புதியவனுடையதைவிடப் பல மடங்கு. எல்லோரையும் ஒரேயடியாகப் பதவி உயர்த்தினால், படை பார்க்க ஜோராக இருக்கும், கஜானா காலியாகிவிடும். சம்பளமோ சோறோ நின்றால் உற்சாகம் சரியும். சரிந்தால் ஆட்கள் இரவோடு இரவாக ஓடிவிடுவார்கள். எதிரியே வராமல் படை அழிவது இப்படித்தான்.

எளிய விதி: கையில் குறைந்தது 10 நாள் சம்பளமும் 10 நாள் சோறும் இருந்தால்தான் அடுத்த ஆளைச் சேர்க்க வேண்டும்.

வேகம் ஏன் முக்கியம்?

மேப்பில் வேகமாகப் போகிறவர்தான் எந்தச் சண்டை வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கிறார். படை பெருகினால் வேகம் குறையும். சுமை கூடினாலும், கைதிகள் அதிகமானாலும், காயம்பட்டவர்கள் அதிகமானாலும் குறையும்.

இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. காலாட்படைக்கும் உபரிக் குதிரை வாங்கி மூட்டையோடு வைத்தால், மேப்பில் அவர்கள் குதிரையில் போவதாகவே கணக்கு. மலிவான குதிரையே போதும். சுமை தூக்கக் கோவேறு கழுதை. ஆனால் அளவுக்கு மீறி மந்தையாகச் சேர்த்தால் அதுவே வேகத்தைக் குறைத்துவிடும். குதிரைப்படை வீரனாகப் பதவி உயர்த்தவும் கையிருப்பில் குதிரை இருக்க வேண்டும் என்பதால், இந்தச் செலவு வீணாகாது.

எந்தப் படை எதற்கு?

ஒவ்வொரு தரப்பும் ஒரு வரலாற்றுப் படையின் சாயலில் வடிவமைக்கப்பட்டது.

• எம்பயர்: பைசாண்டியப் பேரரசின் சாயல். கனத்த கவசக் காலாட்படை, கவசக் குதிரைப்படை. எல்லாவற்றிலும் ஓரளவு பலம் என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது.

• விளாண்டியா: மேற்கு ஐரோப்பிய நைட்டுகளின் சாயல். ஈட்டி ஏந்திப் பாயும் குதிரைப்படையும் குறுக்குவில் வீரர்களும் பலம்.

• பட்டேனியா: கெல்டிக் காட்டு மக்களின் சாயல். உயர்குடி வில்லாளர்களான 'ஃபியன்'கள், கேமின் மிகச் சிறந்த வில்லாளர்கள் என்று பெயர் பெற்றவர்கள். மேட்டில் நிறுத்தினால் எதிரிக் கூட்டம் அருகில் வருவதற்குள் பாதியாகிவிடும்.

• குசைட்: மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் சாயல். குதிரை மேலிருந்து அம்பு எய்யும் படை. திறந்த வெளியில் பிடிக்கவே முடியாது. கோட்டை முற்றுகையில் அந்தப் பலம் குறைந்துவிடும்.

• ஸ்டர்ஜியா: வடக்கே, ரஷ்ய, நார்ஸ் வீரர்களின் சாயல். கேடயமும் கோடரியும் ஏந்திய காலாட்படை.

• அசெராய்: அரபுப் பாலைவனத்தின் சாயல். கலவையான படை, நல்ல குதிரைகள்.

ஒரே தரப்பின் வீரர்களை மட்டும்தான் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேடயக் காலாட்படை பாதி, வில்லாளர் மூன்றில் ஒரு பங்கு, மீதி குதிரைப்படை. தொடக்கத்தில் இந்தக் கலவை பெரும்பாலான சண்டைகளுக்குத் தாங்கும்.

போர்க்களத்தில் மூன்று உத்தரவு போதும்

கணினியில் விளையாடும் புதியவர்கள் முதலில் கற்றுக்கொள்வது எஃப்1, எஃப்3 என்று அடுத்தடுத்து அழுத்துவது. அதாவது, 'எல்லோரும் பாய்'. கடைசியாகப் பயன்படுத்த வேண்டிய உத்தரவு அது. பாய்ந்ததும் குதிரைப்படை முதலில் போய்ச் சிக்கும், காலாட்படை சிதறிப் போகும், வில்லாளர்கள் கத்தியை உருவிக்கொண்டு ஓடுவார்கள்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பார்க்கலாம்:

1. காலாட்படையை மேட்டில் நிறுத்தி, கேடயச் சுவர் அமைக்கச் சொல்ல வேண்டும்.

2. வில்லாளர்களை அவர்களுக்குச் சற்றுப் பின்னால், உயரமான இடத்தில், இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும்.

3. குதிரைப்படையை ஓரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். எதிரி நம் காலாட்படையோடு கைகலந்த பிறகு, பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ ஏவ வேண்டும்.

பொறுமைதான் இதில் பாதி வெற்றி. எதிரி ஏறி வரும் நேரம் முழுக்க அம்பு பாய்ந்துகொண்டே இருக்கும். எதிரியிடம் குதிரை வில்லாளர்கள் அதிகம் இருந்தால் மட்டும், நின்ற இடத்திலேயே நின்று அடி வாங்காமல், வில்லாளர்களைக் கேடயப் படைக்கு நடுவில் வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது ஓடணும்?

தோற்றுப் பிடிபட்டால் படை போய்விடும். சிறையிலிருந்து தப்பி வரும்வரை நாட்கள் வீணாகும். மறுபடியும் சில பேரோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல மணி நேர உழைப்பு ஐந்து நிமிடத்தில் போகிற இடம் இது.

பெரிய படை துரத்திப் பிடித்துவிட்டாலும், சில வீரர்களை விட்டுவிட்டு மற்றவர்களோடு தப்பிக்கும் வாய்ப்பு திரையில் வரும். வளர்த்த ஆட்களை விட்டுப் போக மனசு வராது. ஆனால் பத்துப் பேரை இழப்பதா, அறுபது பேரையும் இழப்பதா என்பதுதான் அங்கே கேள்வி. ஓடுவது அவமானம் இல்லை. திரும்பி வரத்தான் ஓடுகிறோம் என்பதை இந்த கேம் சீக்கிரமே சொல்லிக் கொடுத்துவிடும்.

யார் பக்கம் சேரலாம்?

புகழ் 50-ஐத் தொட்டால் குலம் முதல் படிநிலைக்கு வரும். அப்போது கூலிப்படையாகச் சேரலாம். 150 வந்தால் இரண்டாம் படிநிலை; ஒரு அரசருக்கு விசுவாசம் சொல்லிச் சிற்றரசராகலாம்.

புதியவர்களுக்குக் கூலிப்படை வாழ்க்கையே நல்லது. சண்டைக்குச் சண்டை சம்பளம் வரும். பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வேறு அரசிடம் போகலாம். சிற்றரசரானால் நிலம் கிடைக்கும், சபையில் வாக்கும் உண்டு. ஆனால், அந்த அரசின் எல்லாப் போரும் நம் போர். கிடைத்த கோட்டைக்குக் காவல் படை, அதற்குச் சம்பளம், கிராமம் எரிந்தால் வருமான இழப்பு என்று பொறுப்பும் சேர்ந்தே வரும். விசுவாசம் சொல்லும் முன், அந்த அரசு எத்தனை பேரோடு போரில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது அவசியம்.

சொந்த ராஜ்ஜியம்? முதல் ஆட்டத்தில் ஆசைப்பட வேண்டாம். நாலு பக்கமும் எதிரியை வைத்துக்கொண்டு, துணைக்கு ஒரு சிற்றரசரும் இல்லாமல் கொடி ஏற்றினால், அது நீண்ட நாள் பறக்காது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொபைலில் விளையாட முடியுமா?
முடியாது. கணினி, பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் ஒன், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகியவற்றில்தான் வெளியாகியிருக்கிறது. 'மொபைல் வெர்ஷன் இலவசம்' என்று யாராவது ஏபிகே ஃபைல் அனுப்பினால் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

கேம்பெய்னா, சாண்ட்பாக்ஸா?
பயிற்சியும் கதையும் வேண்டும் என்றால் கேம்பெய்ன். கதையின் நெருக்கடி இல்லாமல் இஷ்டத்துக்கு விளையாட சாண்ட்பாக்ஸ்.

கேரக்டர் செத்துப் போகுமா?
மரணத்தை அனுமதிக்கும் அமைப்பில் விளையாடினால் போரிலோ முதுமையிலோ சாகலாம். வாரிசு இருந்தால் அவரை வைத்துத் தொடரலாம். புதியவர்கள் தொடங்கும்போதே இதை அணைத்து வைக்கலாம்.

தவறாகத் தேர்ந்தெடுத்த சிறப்புத் திறனை மாற்றலாமா?
மாற்றலாம். நகரத்தில் உள்ள அரங்கத் தலைவரிடம் பணம் கொடுத்தால் மறுபடியும் தேர்ந்தெடுக்கலாம்.

மொத்தத்தில், நூறு பேர் கொண்ட பசித்த படையை, சாப்பிட்டுச் சம்பளம் வாங்கிய நாற்பது பேர் அடித்துவிடலாம். முதல் சில மணி நேரம் புகழ், கோட்டை, கிரீடம் எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு, அந்த நாற்பது பேரைக் காப்பாற்றுவதை மட்டும் பார்த்தால் போதும். படை பெருசா இருக்கணும்னு அவசியமில்லை, நாளைக்கும் இருக்கணும்.